பேருக்கு இங்கிலீஷில் ரைம் தேடி மாட்டிக்கொண்டவர்கள் வாங்கோ

வளவன் அம்மா, ஸ்காபரோ:

பிள்ளைகள் மேல் யானை வந்து இருக்கிற பாட்டுத் தெரியும்தானே? இங்கே கனடாவில் ஜேகே என்கிற மழலையர் வகுப்பில் அதைப் பாடாத ரீச்சர் இல்லை. பேரின் முதல் ஓசையைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் டபிள்யூவைப் போட்டு ஒரு வரி. அடுத்த வரியில் உண்மைப் பேர், அதன் மேல் யானை. ஜஸ்டின் என்றால் வஸ்டின்.

அன்றைக்கு நான் வகுப்பில் உதவிக்கு நின்றேன். ரீச்சர் பிள்ளைகளை வட்டமாக இருத்தி ஒவ்வொரு பேராகப் பாடிக்கொண்டு வந்தா. மைக்கல் வைக்கல் ஆனான் (எனக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை), சோஃபியா வோஃபியா ஆனாள். பேர் மாறினவுடன் அந்தப் பிள்ளை விழுந்து விழுந்து சிரிக்கும். அடுத்தது என் மகன். ரீச்சர் உதட்டைக் குவித்து, நல்ல கவனமாக, "வளவன்" என்றா. பிறகு பல்லை உதட்டில் வைத்து, யானையையும் இருத்தி, "வளவன்" என்றா. அவவுக்கு அது வேறு, இது வேறு. வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு இரண்டும் ஒன்றுதான். சிரிப்பதற்குத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தான். பாட்டு அடுத்த பிள்ளைக்குப் போய்விட்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, எனக்கு மட்டும் ஏன் பகிடிப் பேர் தரேல்லை?" என்று கேட்டான்.

அவன் பின்னேரமே மறந்துவிட்டான். எனக்குத்தான் போகுதில்லை. உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கோ.

நைட் டூட்டி:

என் பேர் யாழினி. இங்கிலாந்தில் நர்ஸ், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். எங்கள் வார்டில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் ஒரு டாக்டர் நாலு வரி எழுதி வந்து எல்லார் முன்னாலும் படிப்பார். என் முறை வந்தது. கையில் கேக் வெட்டுகிற கத்தியோடு நிற்கிறேன். முதல் வரியை "யஸீனி" என்று முடித்துவிட்டு அவர் மூச்சு இழுத்தார். அந்த இடைவெளியிலேயே எனக்குப் புரிந்துவிட்டது, அடுத்த வரி பிக்கினியில் முடியும் அல்லது மார்ட்டினியில் முடியும். சாமி கும்பிட்டேன். மார்ட்டினி.

நான் பீர் வாடையே தாங்காத ஆள். அந்த வார்டை விட்டு மாறும்வரை எனக்கு மார்ட்டினி என்றே பேர் நிலைத்துவிட்டது. திட்டவும் மனசு வரவில்லை, ராத்திரி மூன்று மணிக்கு எனக்கும் சேர்த்து டீ போட்டவர் அவர். அந்தக் கத்தியோடு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற போட்டோ இன்னும் வார்டு குரூப்பில் கிடக்கிறது.

சந்தப்பித்தன்:

யாழினி மேடம், மன்னிக்கணும், அது ரைமே இல்லை. உங்கள் பேருக்கு அவர் ரைம் கண்டுபிடிக்கவில்லை. தான் தப்பாகச் சொன்ன பேருக்குக் கண்டுபிடித்திருக்கிறார். இங்கிலீஷில் ரைம் என்றால் கடைசி எழுத்து ஒத்துப்போவது இல்லை. எந்த அசையில் அழுத்தம் விழுகிறதோ அந்த உயிரொலியிலிருந்து கடைசிவரை ஒத்துப்போக வேண்டும், அதற்கு முன்னால் இருக்கிற மெய் மட்டும் வேறாக இருக்க வேண்டும். நாம் யாழினி என்று சொல்லும்போது கனம் 'யா'வில் இருக்கிறது. அவர்கள் அதை நடுவுக்குத் தள்ளி 'ஸீ'யில் வைக்கிறார்கள். அங்கே வைத்த உடனே மார்ட்டினி, பிக்கினி, லிங்குயினி, ஹூடினி என்று வரிசையாக வந்து நிற்கும். நந்தினி, மாலினி, பத்மினி எல்லாருக்கும் இதே கதிதான். கனத்தை 'யா'விலேயே வைத்துத் தேடிப் பாருங்கள், ஒன்றும் கிடைக்காது.

என் பையன் இளங்கோ. அவனுக்கு மேங்கோ, டேங்கோ எல்லாம் சுலபமாக வந்தது, அதனால் என் கதை அவ்வளவுதான்.

ஆனால் இங்கே எழுதப்போகிறவர்களுக்குச் சிலது சொல்லிவிடுகிறேன். ரைம் தேடித் தருகிற தளங்களில் பேரை அப்படியே அடிக்காதீர்கள். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகம் தொகுத்த உச்சரிப்பு அகராதியில் 1,30,000க்கு மேல் சொற்கள் இருக்கின்றன, ஒவ்வொரு உயிரொலிக்கும் அழுத்தம் எவ்வளவு என்று 0, 1, 2 எண் போட்டிருக்கும். ரைம் தேடும் நிரல்கள் பல இதைத்தான் புரட்டுகின்றன. உங்கள் பேர் அதில் இல்லாவிட்டால் எழுத்தைப் பார்த்து ஊகிக்கும், ஊகம் சொதப்பும். அதனால் காதுக்கு உங்கள் பேர் போலவே ஒலிக்கிற இங்கிலீஷ் சொல்லை அடியுங்கள். மணி என்று பேர் இருந்தால் எம்-ஏ-என்-ஐ என்று அடித்தால் அவர்கள் காதில் அது 'மேனி', கிரேனியில் கொண்டுபோய் நிறுத்தும். காசுக்கு உண்டான மனியை அடியுங்கள். ஹனி, சனி, ஃபனி எல்லாம் வரும்.

இன்னொன்று, பேரை வரியின் கடைசியில் வைத்தே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? நடுவில் வையுங்கள், கடைசியில் சுலபமான சொல்லைப் போடுங்கள். லிமரிக் என்கிற ஐந்து வரி வேடிக்கைப் பாட்டு என்றால் முதல் வரியின் கடைசியில் பேர் வந்துவிடும், அதற்கு இன்னும் இரண்டு ரைம் வேண்டும். அங்கேதான் பலபேர் மாட்டுகிறார்கள். 1846இல் எட்வர்ட் லியர் வெளியிட்ட லிமரிக்குகளைப் பாருங்கள், முதல் வரியை முடித்த சொல்லையே பெரும்பாலும் கடைசி வரியிலும் போட்டிருப்பார். அந்த வழியில் போனால் ஒரே ஒரு ரைம் போதும். அதுவும் கிடைக்காவிட்டால் இரண்டு மூன்று சொற்களை ஒட்டவைத்து ஒரு ரைம் பண்ணலாம், இங்கிலீஷ் கவிஞர்கள் வேடிக்கைப் பாட்டில் செய்வதுதான். ஆரஞ்சுக்கே அந்த மொழியில் ஒழுங்கான ரைம் கிடையாது, வேல்ஸில் ப்ளோரெஞ்ச் என்று ஒரு மலை இருக்கிறது, அதைத்தான் இழுத்துக்கொண்டு வருவார்கள். நம் பேர்களுக்கு வரவில்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை.

நைட் டூட்டி:

சார், அந்த நாலு வரியை எழுதினது நான் இல்லை.

செந்தில், கோவை டு மான்செஸ்டர்:

இங்கிலீஷ் மீடியம் பள்ளிக்கூடத்தில் செந்தில் என்று பேர் வைத்துக்கொண்டு படித்தவனுக்கு என்ன ரைம் கிடைத்திருக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டாம். மெ-வில் ஆரம்பிக்கும். கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில்கூட ஒருத்தன் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டான், மாமனார் பக்கத்தில் நிற்கிறார்.

போன வருஷம் பக்கத்து வீட்டுப் பாப்பா என் பொண்ணோடு விளையாட வந்திருந்தாள். இந்த ஊர்ப் பிள்ளை. அடுப்படியில் நான் பருப்பு தாளித்துக்கொண்டிருந்தேன். இரண்டும் வீட்டிலிருக்கிற எல்லார் பேருக்கும் ரைம் பிடித்துக்கொண்டே வந்தன. என் பேர் வந்ததும் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. வந்தது பழைய வார்த்தைதான் என்று நினைத்தேன். அந்தப் பாப்பா "ஜென்டில்" என்றது. என் பொண்ணு சட்டியை எட்டிப் பார்த்து "லென்டில்" என்றாள். இரண்டும் சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடிவிட்டன. நாற்பது வயசு தாண்டின பிறகு ஒருத்தர் என் பேரோடு ஜென்டிலைச் சேர்த்திருக்கிறார். கடுகு கருகிப்போச்சு.

சந்தப்பித்தன்:

லென்டில், ஜென்டில் இரண்டிலும் இருப்பது T-யின் வல்லோசை. நம் செந்திலில் 'ந்தி' மெல்ல ஒலிக்கும். சரியான ரைம் வேண்டுமென்றால் வென்டல், கென்டல் என்று D வருகிற பேர்கள் பக்கம் போவதுதான் நெருக்கம்.

செந்தில், கோவை டு மான்செஸ்டர்:

அண்ணே, வாழ்க்கையில் ஒரே ஒரு நல்ல வார்த்தை கிடைச்சிருக்கு. அதையும் பிடுங்காதீங்க.

தேன்மொழி அப்பா, மார்க்கம்:

மகளுக்குப் பள்ளியில் கவிதைப் பாடம். சொந்தப் பேர் கடைசியில் வர இரண்டு வரி எழுத வேண்டும். பேர் தேன்மொழி. 'இசட்-எச்' போட்டு எழுதுவதால் ஊரெல்லாம் 'மோஸி' என்றுதான் வாசிக்கும், மகளும் திருத்திக் களைத்துப்போய்விட்டாள். இரண்டாம் வரியை அவள் 'சாரி'யில் முடித்திருந்தாள். மன்னிப்புக் கேட்கிற சாரி. ரீச்சர் அதன்கீழ் பென்சிலால் கோடு போட்டு, ரைம் இல்லை என்று எழுதிவிட்டா.

பெற்றோர் சந்திப்புக்குப் போனபோது அந்தத் தாள் மேசையில் இருந்தது. மகள் ஒன்றும் விளக்கவில்லை. தாளை எடுத்து, பேரை எங்கள் வீட்டில் சொல்கிற மாதிரியே சொல்லி வாசித்தாள். கனடாக்காரர் அந்தச் சொல்லைச் 'சோரி' என்றுதான் சொல்வார்கள், ஸ்டோரிக்கு ரைம் ஆகிற மாதிரி. இங்கே 'ஆர்' எழுத்தைச் சொல்லும்போது நாக்கு ஒன்றையும் தொடாமல் நிற்கும், எங்கள் ழகரமும் கிட்டத்தட்ட அப்படித்தான். மொழி, சோரி. ரீச்சர் தலையைச் சரித்துக் கேட்டா. இன்னொருக்கால் சொல்லச் சொன்னா. பிறகு தானே வாய்க்குள் "மொழி" என்று சொல்லிப் பார்த்தா, மோஸி இல்லை, மொழி, தமிழ்ப் பள்ளியில் படித்த ஆள் மாதிரி. அழிறப்பரை எடுத்துக் கோட்டை அழித்தா.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். காரில் வரும்போது, வேறு சொல்லே கிடைக்கவில்லையா பிள்ளை என்று கேட்டேன். "ஸ்டோரி இருந்ததுதான் அப்பா, ஆனால் அந்தச் சொல்தான் நான் என் பேரோடு எப்பவும் சொல்லுறது" என்றாள். யாராவது பேரைத் தப்பாகச் சொன்னால் இவள்தான் மன்னிப்புக் கேட்டுத் திருத்துகிறவள். அதை நான் அதுவரை கவனித்ததே இல்லை.

கொழும்புத்துறையான்:

எங்கட ஆக்கள் பிள்ளைகளுக்கு ஷன், ஷன் என்று பேர் வைக்கினம் என்று சிரித்தவர்கள் இப்ப வரிசையில் வாங்கோ. நான் நிரோஷன். ஓஷன், மோஷன், லோஷன், டிவோஷன். கனமும் சரியாக 'ரோ'வில்தான் விழும். சந்தப்பித்தன் அண்ணை வேண்டுமென்றால் அளந்து பார்க்கட்டும். என் கலியாணத்தில் வெள்ளைக்காரத் தோழன் ஒருவன் மைக்கைப் பிடித்து இவ்வளவையும் வைத்து ஒரு வாழ்த்துப் படித்தான், மண்டபமே எழும்பிக் கைதட்டினது. லோஷன் என்று அவன் சொன்ன இடத்தில் மட்டும் அம்மம்மா நிமிர்ந்து, "ஏன், பிள்ளைக்குத் தோல் வருத்தமோ?" என்று சத்தமாகக் கேட்டா. வீடியோவில் அதுதான் எல்லாவற்றையும் விடத் தெளிவாகப் பதிந்திருக்கு.

குறிஞ்சித்தேன்:

கைதட்டு வாங்குவதற்காக அர்த்தமில்லாத பேரை வைத்துவிட்டுப் பெருமை வேறு. பிள்ளைக்குத் தமிழில் பேர் வையுங்கள், ரைமை அவர்கள் தேடட்டும்.

கொழும்புத்துறையான்:

பேர் வைத்தது என் அப்பா. அவரோட கதையுங்கோ.

வளவன் அம்மா, ஸ்காபரோ:

அந்தச் சண்டைக்கு வேறு இடம் இருக்கு, இங்கே வேண்டாம். தேன்மொழி அப்பா, உங்கள் மகள் சொன்னதை இரண்டு தரம் வாசித்தேன்.

ஓய்வுபெற்ற வாத்தியார், தஞ்சாவூர்:

நீங்கள் எல்லாரும் பேசிக்கொண்டிருப்பது நம் இயைபு, அடியின் கடைசியில் வருவது. நமக்கு எதுகைதான் உயிர். முதலெழுத்து அளவில் ஒத்து, இரண்டாம் எழுத்து ஒன்றாக வர வேண்டும். யாழினிக்கு எதுகை இல்லை என்று எவன் சொன்னான்? ஆழி நீ, வாழி நீ என்று அடியின் தொடக்கத்தில் வையுங்கள், பேர் தானாக வந்து உட்காரும். அந்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

நைட் டூட்டி:

ஐயா, டாக்டருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் இதை நான் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

லூசியானா ஸ்ட்ரீட்:

வளவன் அம்மாவுக்கு ஒரு வழி. யானைப் பாட்டு ராஃபி என்கிற கனடாப் பாடகர் 1976இல் பாடிப் பரப்பியது, கனடாவில் அதுதான் ஓடும். எங்கள் பக்கம் அமெரிக்காவில் 1964இல் ஷெர்லி எல்லிஸ் பாடின பேர்ப் பாட்டு இருக்கிறது. அதில் டபிள்யூ கிடையாது. பேரின் முதல் ஓசையை எடுத்துவிட்டு ஒரு வரியில் பி, அடுத்ததில் எஃப், அதற்கடுத்ததில் எம். உங்கள் பையனுக்கு ஒன்றில்லை, மூன்று பகிடிப் பேர் கிடைக்கும். ரீச்சரிடம் சொல்லிப் பாருங்கள். ஒரே எச்சரிக்கை, சில பேர்களை அதில் போடவே கூடாது. ஏன் என்பது எஃப் வரிக்கு வரும்போது தெரியும். வகுப்பில் பாடும் முன் வீட்டில் ஒரு தடவை பாடிப் பார்த்துவிடுங்கள்.

வளவன் அம்மா, ஸ்காபரோ:

பாடிப் பார்த்தாச்சு. பளவன், ஃபளவன், மளவன். ஃபளவனுக்குக் கதிரையிலிருந்து விழுந்துவிட்டான். இப்ப அந்தப் பேரில் கூப்பிட்டால்தான் சாப்பிட வாறான், இதை எப்ப நிறுத்துவது என்று தெரியவில்லை.

பாலன் அப்பா:

அந்தப் பாட்டில் பேரே பி-யில் ஆரம்பித்தால் அந்த ஓசையை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பது விதி. எங்கள் பையன் பாலன். போன வாரம் வகுப்பில் பாடியிருக்கிறார்கள். அன்றிலிருந்து எல்லாரும் அவனை ஆலன் என்று கூப்பிடுகிறார்கள், வீட்டுப்பாட நோட்டில்கூட ஒரு ரீச்சர் ஆலன் என்றே எழுதி அனுப்பியிருக்கிறார். இதற்கு யாரிடமாவது வழி இருக்கிறதா?