புதுப்பிப்பு: கீழக்கரை – ராமநாதபுரம் பெட்ரோல் செலவும் கரண்ட் பில்லும்

போன பதிவில் ஒரு மாதப் பெட்ரோலை இரண்டு மாதக் கரண்ட் பில்லோடு ஒப்பிட்டது தப்பு. திருத்திய கணக்கு இதோ.

போக வர 34 கி.மீ., மாதம் 25 நாள். இரண்டு மாதத்துக்கு 1,700 கி.மீ. லிட்டருக்கு 50 கி.மீ. கொடுக்கும் பைக் என்றால் 34 லிட்டர். லிட்டர் 102 ரூபாய் என்று வைத்தால் 3,468. ஆடியில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று எதிரே அடிக்கும்போது மைலேஜ் 45-க்கு இறங்கினால் இன்னும் 385 ரூபாய் கூடும். மைலேஜை மீட்டர் முள்ளைப் பார்த்துச் சொல்லாதீர்கள். டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பி, ஓடிய கி.மீ.யை அப்போது பிடித்த லிட்டரால் வகுத்துப் பாருங்கள். உப்புக்காற்றில் செயின் சீக்கிரம் துரு ஏறி இறுகும், அதுவும் பெட்ரோலைத் தின்னும்.

பைக்குக்குப் பதில் மின்சார ஸ்கூட்டர் வாங்கினால் கரண்ட் பில் எவ்வளவு கூடும் என்று கேட்டிருந்தீர்கள். 100 கி.மீ.க்குச் சுமார் 3 யூனிட், ஆக இரண்டு மாத 1,700 கி.மீ.க்கு 51 யூனிட். பெட்ரோலோடு பார்த்தால் அற்பம்தான். ஆனால் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஏற்கெனவே 470 யூனிட் ஓடினால் 500-ஐத் தாண்டிவிடும். தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரை உள்ள சலுகை விலையும் போய்விடும், அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

யூனிட்டைக் குறைக்க, வீட்டில் ஏசி இருந்தால் முதலில் அதன் வெளிப்பெட்டியைப் பாருங்கள். தகடுகளில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தால் மெயினை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். போர் தண்ணீர் வேண்டாம்.