புதுப்பிப்பு: அசல் இசைத்தட்டா, மறுபதிப்பா?

பழைய தமிழ்த் திரையிசைத்தட்டு ஒன்றின் அசலை டர்பனில் கூடுதல் விலைக்கு வாங்கலாமா, புதிய மறுபதிப்பே போதுமா என்று முன்பு கேட்டிருந்தேன். இரண்டையும் கேட்டுப் பார்த்தபின் அசலையே வாங்கினேன். 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடனான வணிகத்தைத் தடைசெய்து, 1990களில்தான் அத்தடையை விலக்கியது என்பதால், கல்கத்தாவின் டம்டம் ஆலையில் அச்சான தட்டுகளுக்கு இங்கே விலை ஏறியிருப்பதில் எனக்கு வியப்பில்லை.

வாங்குமுன் பார்க்க வேண்டியது, நடுத்தாளுக்கும் கடைசிப் பாட்டுக்கும் இடையிலுள்ள வெற்று வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணாகும். உறை மாறியிருக்கலாம், அந்த எண்ணோ தட்டு எந்த அச்சிலிருந்து வந்தது என்பதைக் காட்டிவிடும். மறுபதிப்பை 180 கிராம் என்று விளம்பரப்படுத்துகிறார்கள், ஆனால் எடை ஒலியைத் தீர்மானிப்பதில்லை. தட்டின் ஒலிப்பள்ளங்களை மூல ஒலிநாடாவிலிருந்து வெட்டினார்களா, குறுந்தகட்டுக்கெனத் தயாரித்த கோப்பிலிருந்தா என்பதே கேள்வி, அதை உறை பெரும்பாலும் சொல்வதில்லை. நான் கேட்ட மறுபதிப்பில் இரைச்சல் குறைவுதான். இருந்தாலும் தபேலாவின் அடியொலி மழுங்கி, வயலின்கள் முழுவதும் ஒரே உரப்பில் ஒலித்தன.

தாத்தாவின், நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய தட்டுகளைக் கழுவுவது பற்றிக் கேட்டவருக்கு: அவை அரக்குக் கலவையால் ஆனவை, ஆல்கஹால் கலந்த எந்த நீர்மமும் அரக்கைக் கரைத்துவிடும், காய்ச்சி வடித்த நீரே போதும், அவற்றை இசைக்கும் ஊசி மட்டும் அகலமானதாக இருக்க வேண்டும்.