பெயாத்ரிஸ் கதை: பழைய டச்சு படிக்கத் தெரிந்தவர்கள் உதவ முடியுமா?

நண்பர்களே, 13ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹைஸ்டர்பாக் மடத்துத் துறவி சேசாரியுஸ் லத்தீனில் எழுதிவைத்த ஒரு புதுமைக் (அற்புதக்) கதையைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். கோவில் சாவிகளுக்குப் பொறுப்பான கன்னியாஸ்திரி பெயாத்ரிஸ், ஆசையை அடக்க முடியாமல் சாவிகளை மாதா பீடத்தில் வைத்துவிட்டு ஒருவனோடு போய்விடுகிறார், அவனோ சீக்கிரமே கைவிட, 15 வருடம் உடலை விற்றுப் பிழைக்கிறார். அப்புறம் ஒருநாள் மடத்து வாசலில் வந்து, பெயாத்ரிஸ் என்று ஒருவர் இருந்தாரே, தெரியுமா என்று கேட்டால், வாசலில் இருப்பவர் சொல்கிறார்: நன்றாகத் தெரியுமே, சிறுவயதிலிருந்து இன்றுவரை இங்கேதான் இருக்கிறார், ஒரு குறை சொல்ல முடியாது!

இத்தனை வருடமும் பெயாத்ரிஸ் உருவில் வேலை பார்த்தது மாதா. அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

14ஆம் நூற்றாண்டு டச்சுக் கவிதை வடிவத்தில் பெயாத்ரிஸுக்கு இரண்டு பிள்ளைகள், அவர்களுக்குச் சோறு போடத்தான் அந்தத் தொழிலுக்கே போகிறார். எனக்கு இதுதான் இன்னும் நெருக்கமாக இருக்கிறது, ஆனால் பழைய டச்சு தெரியாது. நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம் இருக்கும் நம்மவர்கள் யாராவது, அவர் மடத்தை விட்டுக் கிளம்பும் இரவை மட்டும் என்னோடு சேர்ந்து வரிவரியாகப் படித்துத் தருவீர்களா? இந்தக் கதையைத் தமிழில் பிரசங்கத்திலோ பழைய மாதா புதுமைப் புத்தகத்திலோ பார்த்தவர்களும் தயவுசெய்து சொல்லுங்கள்.