அடைத்த பல் ஏன் விட்டுப்போகிறது? சுங்கை சிப்புட் பக்கத்து அனுபவங்கள்

கிளினிக்காரி:
சுங்கை சிப்புட்டில் ஒரு பல் கிளினிக்கில் உதவியாளராக இருக்கிறேன். வேறெங்கோ அடைத்தது விழுந்துவிட்டது என்று வருகிறவர்கள் பெரும்பாலும், அடைப்பைப் பல்லோடு ஒட்டும் பசையை இறுகவைக்கும் நீல லைட்டைத்தான் குறை சொல்கிறார்கள். லைட் பழசாகி மங்கினாலும் பசை வேகாது, அது உண்மைதான். ஆனால் நான் பார்த்தவரை, லைட் பிடிப்பதற்கு முன்னாலேயே காரியம் கெட்டுவிடுகிறது.

எங்கள் டாக்டர் ஒருநாள் கண்ணாடித் தட்டில் இரண்டு சொட்டுப் பசை விட்டுக் காட்டினார். ஒன்றைக் காற்றால் நன்றாக ஊதினார். இன்னொன்றில் துளித் தண்ணீர் கலந்தார். இரண்டுக்கும் ஒரே அளவு லைட். மேற்புறம் இரண்டிலும் பிசுபிசுத்தது. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் வேலை, பயப்பட வேண்டாம். அதைத் துடைத்துவிட்டு ஊசிக்கருவியால் கீறினால் முதல் சொட்டு கெட்டி. இரண்டாவது வெள்ளையாகக் கலங்கிப்போய், கீறக் கீற வழிந்துகொண்டு வந்தது.

காரணம் பசையின் கலவை. அதிலுள்ள ஹெமா என்ற பொருள் தண்ணீரோடு ஒட்டி உறவாடும். பிஸ்-ஜிஎம்ஏ என்ற பிசின் தண்ணீரைக் கண்டால் விலகும். நீல ஒளியை வாங்கி வேலையைத் தொடங்கிவைக்கும் கேம்ஃபர்குவினோனும் தண்ணீருக்கு ஆகாதது. ஈரம் மிஞ்சினால் இவை பிரிந்துவிடும். தண்ணீரும் ஹெமாவும் சேர்ந்த இடத்தில் ஒளி விழும், தொடங்கிவைக்க ஆளிருக்காது.

பழைய பால்மரம்:
ஓ, அப்படியா! ரப்பர் தோட்டத்தில் மழைத்தண்ணி விழுந்த மங்குப் பால் மாதிரிதான். அசிட் ஊற்றினாலும் கட்டி இளகலாகத்தான் வரும்.
எனக்குக் கடைவாய்ப் பல் அடைத்தது விழுந்து, இன்னோர் இடத்தில் திரும்ப அடைத்தபோது பல்லைச் சுற்றி ரப்பர் ஷீட் மாட்டினார்கள். முதலில் மூச்சு முட்டுவது போலிருந்தது, அப்புறம் பழகிவிட்டது. எச்சில் ஒரு சொட்டு அந்தப் பக்கம் போகவில்லை. நாங்கள் சீவிய பால்தான் என் வாய்க்கே வந்திருக்கிறது போல! அந்த அடைப்பு இன்னும் நிற்கிறது.

காற்றுப்பெட்டி:
பல்லைக் காயவைக்க ஊதும் காற்றைத் தருகிற கம்ப்ரசர் பழுது பார்க்கிறவன் நான். ஒரு கிளினிக்கில் பசை சரியில்லை என்று பிராண்டை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறார்கள். தொட்டியின் அடி வால்வைத் திறந்தேன், பழுப்புத் தண்ணீர் கொட்டியது. நம் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்துக்குத் தொட்டியில் தண்ணீர் சேராமல் இருக்குமா? தினமும் வடிக்க வேண்டும். ஊதுகுழலை வாய்க்கண்ணாடி மேல் பிடித்துப் பாருங்கள். புள்ளி விழுந்தால், காயவைக்க ஊதுகிற காற்றே பல்லை நனைக்கிறது என்று அர்த்தம்.

தைப்பிங் பல்:
பல் டாக்டர். காற்றுப்பெட்டி சொன்னதை எங்கள் ஆட்களே மறந்துவிடுகிறார்கள்.
ஒன்று சேர்க்கிறேன். பல்லின் மேலோடான எனாமல் எடையில் சுமார் 96 சதவீதம் தாது. அதை முழுக்கக் காயவைக்கலாம். 1955-இல் பல் ஆராய்ச்சியாளர் போனகோர் அமிலம் வைத்து ஒட்டிக்காட்டியது எனாமலில்தான். எனாமலுக்கு உள்ளே இருக்கும் டென்டின் வேறு கதை. 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை 15 நொடி வைத்துக் கழுவினால் மேலாகத் தாது போய்க் கொலாஜன் என்ற புரத நார்கள் மட்டும் தண்ணீரில் நிற்கும். ஒரேயடியாகக் காயவைத்தால் அவை படுத்துவிடும், பசை உள்ளே இறங்காது. நார்களும் பசையும் பின்னிய கலப்புப் படலத்தை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் நகபாயாஷியின் குழு விளக்கியது 1982-இல். அதனால் டென்டின் மினுங்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. பசை பூசிய பிறகு அதைக் கரைத்து வைத்திருக்கும் கரைப்பான் (அசிட்டோன், தண்ணீர் போன்றவை) பறக்கும்வரை ஊத வேண்டும். பூச்சு அலையாமல் நின்றால் போதும். அவசரப்படுகிற இடம் இதுதான். அசிட்டோன் 56 டிகிரியிலேயே கொதிக்கும் சாமான், சீக்கிரம் பறக்கும். தண்ணீர் கலந்த பசைக்குப் பொறுமை வேண்டும், ஹெமா தண்ணீரை லேசில் விடாது. குப்பி மூடியைத் திறந்தே வைக்காதீர்கள்: பறக்க வேண்டியது குப்பியிலேயே பறந்து, கலவை மாறிவிடும்.

பழைய பால்மரம்:
அப்போ அடைக்கும்போது மூக்கால்தான் மூச்சு விடணுமா டாக்டர்?

தைப்பிங் பல்:
ஷீட் போட்டிருந்தால் எப்படியும் விடுங்கள் அங்கிள். போடாவிட்டால் மூக்கால் விடுவது நல்லது. வாய்மூச்சில் ஈரம் அதிகம்.