ஸ்ட்ராப் கட்டியும் வலது கை மட்டும் நழுவுகிறது, ஏன்?

கடைசிரெப்: ஒன்றரை வருடமாக டெட்லிஃப்ட் (தரையிலிருந்து பாரை இடுப்பு வரை தூக்குவது) செய்கிறேன். 120 கிலோ தாண்டினால் முதுகும் காலும் தாங்குகின்றன, விரல்தான் விட்டுவிடுகிறது. அதனால் போன மாதம் காட்டன் லாஸோ ஸ்ட்ராப் (மணிக்கட்டில் சுருக்காக மாட்டி, மீதியைப் பாரில் சுற்றும் பட்டை) வாங்கினேன். இடது கை பூட்டுப் போட்ட மாதிரி நிற்கிறது. வலது கையில் மூன்றாவது ரெப்பிலேயே (மூன்றாவது முறை தூக்கும்போதே) பட்டை தளர்ந்து, பார் விரல் நுனிக்கு வந்துவிடுகிறது. மணிக்கட்டில் சுண்டுவிரல் பக்கம் வேறு தோல் சிவந்து எரிகிறது. இத்தனைக்கும் நான் வலதுகைக்காரன். ஜிம்மில் கை வழுக்காமலிருக்கச் சாக் பொடி போடவும் விடமாட்டார்கள். ஸ்ட்ராப் மட்டமா, நான் கட்டுவது தப்பா?

இரும்புமணி: ஸ்ட்ராப்பைத் தூக்கிப் போடுங்க ப்ரோ. பிடி வளராது. பவர்லிஃப்டிங் மேடையில் அதைக் கட்டவே விடமாட்டாங்க.

பழையபார்: மேடை விதி சரிதான், ஆனால் தம்பி கேட்டது அதுவல்லவே. வார்ம்-அப் செட்டெல்லாம் வெறுங்கையில், கனமான கடைசி செட்டுக்கு மட்டும் ஸ்ட்ராப் என்று வைத்துக்கொண்டால் பிடியும் வளரும்.

தம்பி, எந்தக் கையை முதலில் சுற்றுகிறீர்கள்? இரண்டாவது கைக்கு உதவ இன்னொரு கை இருக்காது. அந்தப் பக்கம்தான் பெரும்பாலும் லூஸாகும்.

கடைசிரெப்: வலதைத்தான் கடைசியாகச் சுற்றுவேன் அண்ணா. இன்று மாற்றிப் பார்த்தேன். அப்போதும் வலதுதான் நழுவியது.

பழையபார்: அப்படியென்றால் எரிகிற இடம்தான் துப்பு. ஸ்ட்ராப்பை மாட்டி, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். வால், அதாவது தொங்கும் பட்டை, எந்தப் பக்கம் இறங்குகிறது?

கடைசிரெப்: இடதில் கட்டைவிரல் பக்கம். வலதில் சுண்டுவிரல் பக்கம்!

பழையபார்: அகப்பட்டது. இரண்டையும் ஒரே மாதிரி மாட்டியிருக்கிறீர்கள். கண்ணாடியில் தெரிவது போல ஒன்றுக்கொன்று எதிராக இருக்க வேண்டும். வலதைக் கழற்றி, கையை மறுபக்கமாக நுழைத்துக்கொள்ளுங்கள். வால் உள்ளங்கை வழியாக, கட்டைவிரலை ஒட்டி இறங்கும். இப்போது அது ஓரத்தில் கிடப்பதால் கை அதை அழுத்திப் பிடிக்கவே இல்லை.

சுற்றும் திசையும் முக்கியம். விரல்கள் பாரின் முன்பக்கமாக வந்து அடியில் மடங்கும். பட்டை அதற்கு நேர் எதிர்: பாருக்கும் காலுக்கும் நடுவே இறங்கி, அடியில் புகுந்து, முன்பக்கமாக மேலே ஏற வேண்டும். ஒன்றிரண்டு சுற்றுப் போதும். அப்புறம் பைக் ஆக்சிலரேட்டர் முறுக்குவது போல் பாரை உங்கள் பக்கம் உருட்டினால் இறுகிவிடும்.

கடைசிரெப்: 130 கிலோ, 5 ரெப். வலது கை அசையவே இல்லை! ஒரு மாதமாக ஸ்ட்ராப் விற்றவரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பவர் கிளீனுக்கும் இதையே கட்டலாமா அண்ணா?

பழையபார்: வேண்டவே வேண்டாம். கிளீனில் பார் தோளுக்கு ஏறும்போது முழங்கை சுழன்று முன்னால் வரும். கை பாரோடு கட்டிக் கிடந்தால் முறிவது மணிக்கட்டுதான். டெட்லிஃப்ட், ரோ, ஷ்ரக், அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரும்புமணி: சரி, நானும் என்னுடையதை மாட்டிப் பார்த்தேன். வலது சுண்டுவிரல் பக்கம்தான் இருக்கு. யாரும் சிரிக்காதீங்க.