வெளிநாட்டு வேலையும் தேவசித்தமும்

கேள்வி (கொழும்பு கொட்டாஞ்சேனை வாசகர்): கட்டாரில் வேலை கிடைத்திருக்கு. ஒரு கிழமைக்குள் பதில் சொல்லவேணும். கண்ணை மூடி வேதத்தைத் திறந்து, விரல் படும் வசனத்தைத் தேவசித்தமாய் எடுக்கலாமோ?

பதில் (வெள்ளவத்தை வாசகர்): தயவுசெய்து வேண்டாம். முன்பின் தொடர்பற்ற வசனத்தில் மனம் தான் விரும்பினதையே வாசிக்கும். ரோமர் 12:2 மனம் புதிதாகிப் பகுத்தறியச் சொல்லுது. தாளை இரண்டாய் மடித்து, போனால் பிள்ளைகள், கடன், சபை என்னாகும், நின்றால் என்னாகும் என்று எழுதி, வரிவரியாய் ஜெபியுங்கோ.

பதில் (மட்டக்குளி வாசகர்): இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் சொன்ன வழி இன்னொன்று: இதே நிலையில் முன்பின் தெரியாத ஒருவர் வந்தால் என்ன ஆலோசனை சொல்வீர்கள்? அதையே நீங்களும் செய்யுங்கோ. மனம் சோர்ந்திருக்கும்போது, தெளிவாக எடுத்த முடிவை மாற்றாதேயுங்கோ.

பதில் (தெஹிவளை வாசகர்): வேதத்தில் தேவனிடம் அடையாளம் கேட்ட கிதியோனைப் போல நீங்களும் கேட்கவேண்டாம். அவருக்குத் தேவனுடைய கட்டளை ஏற்கெனவே கிடைத்திருந்தது (நியாயாதிபதிகள் 6:14). அதோட, வேலைக்கு அனுப்பும் முகவரின் உரிமத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்த்திட்டீங்களோ? காசு கட்டமுதல் அதைச் செய்யுங்கோ.