‘அனுதாபம்’ போதுமா? ஆடம் ஸ்மித்தின் அறவியல் கலைச்சொற்கள்

> ஆடம் ஸ்மித்தைத் தமிழாக்கும்போது சிம்பதிக்கு (sympathy) ‘அனுதாபம்’ புழக்கத்தில் இருக்கிறதே, புதுச்சொல் எதற்கு?

‘முதல் பரிசு பெற்றவருக்கு அனுதாபம் தெரிவித்தோம்’ என்று எழுதிப் பாருங்கள், சிரித்துவிடுவார்கள். 1759இல் வந்த அறவுணர்வுகள் பற்றிய நூலில் ஸ்மித் இச்சொல்லை எல்லா உணர்ச்சிக்கும் ஆள்கிறார்: துயரம், மகிழ்ச்சி, சினம், நன்றி. பிறர் துயரத்துக்கு மட்டும் உரிய இரக்கத்தை அவரே பிரித்துச் சொல்லிவிடுகிறார். ஆகவே அனுதாபம், இரக்கம் இரண்டும் கழிந்தன. ‘ஒத்துணர்வு’ உளவியல் எழுத்தில் எம்பதிக்கு (empathy), அதாவது பிறர் உணர்வைப் புரிந்து தானும் உணர்வதற்கு, போய்விட்டது; அதைத் திரும்பப் பிடுங்குவது வீண் வேலை. ‘உடனுணர்வு’ என்று வைக்கலாம். உடனுணர்ந்தார், உடனுணர முடியாத என வினையாகவும் வளைகிறது.

ஆனால் ஒரு சொல் போதாது. ஸ்மித் சொல்வதுபோல் எல்லா உடனுணர்வும் இனிமையென்றால், நடன விருந்தைவிட மருத்துவமனையல்லவா இனிக்க வேண்டும் என்று அவர் நண்பரான மெய்யியலாளர் ஹியூம் அதே ஆண்டு அவருக்கு எழுதிய கடிதத்தில் மடக்கினார். 1761 பதிப்பின் அடிக்குறிப்பில் ஸ்மித் இரண்டாகப் பிரித்தார். மற்றவர் நிலையில் நம்மை வைத்துப் பார்க்கையில் எழும் உணர்ச்சி ஒன்று. அது கசக்கலாம், இனிக்கலாம். அவர் உணர்ச்சியும் நம்முடையதும் பொருந்துவதைக் கண்டு வரும் நிறைவு இன்னொன்று; அது எப்போதும் இனிக்கும். ‘அவர் செய்தது சரி’ என்ற ஏற்பு இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது. இதற்கு ‘உணர்விசைவு’ என்று தனிச்சொல் வேண்டும். இல்லாவிட்டால் மொழிபெயர்ப்பில் ஹியூமின் கேள்வியே புரியாது.

> ‘உடன்’ என்றதும், ஒருவர் அழுதால் உடனே நமக்கும் அழுகை வருவது என்றல்லவா படிப்பார்கள்?

நியாயமான ஐயம், ஐயா. அப்படித் தொற்றிக்கொள்வது ஹியூமின் விளக்கத்துக்கு நெருக்கம். ஸ்மித்திடம் உணர்ச்சியைக் காண்பதைவிடச் சூழ்நிலையை அறிவதே முக்கியம். காரணம் தெரியாமல் ஒருவர் கொதிப்பதைப் பார்த்தால், அவர் பக்கம் சாயமாட்டோம். திட்டு வாங்குபவர் பக்கமே சாய்வோம். எதையும் உணராத இறந்தவருக்காகவும் உடனுணர்கிறோம். சொல்லை மாற்றத் தேவையில்லை. ‘சூழ்நிலையைக் கற்பனை செய்வதால் எழுவது’ என்று வரையறையில் சேர்த்துவிடலாம்.

> ‘எனக்கு அப்படி நேர்ந்தால்?’ என்று கற்பனை செய்வதும் தன்னலம்தானே?

இல்லை என்பதற்கு ஸ்மித் தரும் சான்று பிள்ளைப்பேறு. ஓர் ஆண் அந்த வலியைத் தனக்கு வருவதாக எண்ணவே வழியில்லை, ஆனாலும் உடனுணர்கிறான். நான் நானாகவே இருந்து அவர் இடத்தில் நிற்பதில்லை; அவராகவே மாறிப் பார்க்கிறேன்.

‘தன்னலம்’ என்பதிலும் சிக்கல் உண்டு. அது தமிழில் வசைச்சொல். ஸ்மித்தோ உடல்நலம், பொருள், நற்பெயர் பேணும் முன்மதியை (prudence) நற்பண்பாகவே எண்ணுகிறார். அவர் பழிப்பது பிறரை மிதித்துப் போகும் அளவை. வசைக்குத் ‘தன்னலம்’ இருக்கட்டும், பொதுப்பொருளுக்குத் ‘தற்பேணல்’.

‘இரக்கம் எதிர் தன்னலம்’ என்று தலைப்பு வைப்பதையும் விடலாம். நாளை தன் சுண்டுவிரல் போகுமென்றால் ஒருவருக்கு இரவு தூக்கம் வராது. தொலைவில் நிலநடுக்கத்தில் பத்துக் கோடிப்பேர் மடிந்த செய்தி கேட்டும் குறட்டை விடுவார். ஆனால் விரலைக் காக்க அவர்களைப் பலி கொடுப்பாரா? மாட்டார். தடுப்பது இரக்கமல்ல, அது அத்தனை வலுவானதல்ல என்கிறார் ஸ்மித். தடுப்பது மனத்துக்குள் இருக்கும் பக்கம் சாராத பார்வையாளர். அவருக்கு ‘நடுநிலை நோக்கர்’ என்பது என் விருப்பம். ‘நடுவர்’ வேண்டாம், போட்டி நடத்துபவர் நினைவுக்கு வருவார்.